ஒரே மூச்சுல எத்தனை வார்த்தை

ஏனுங்க தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க, அந்த ஷூ கயித்த இத்தனை இறுக்கிக் கட்டக்கூடாதுங்க. பாதம் வீங்கும். ஓடறப்ப மட்டுமில்ல, பஸ்ல உக்காந்து வந்தாலும் வீங்கும். மேல் ஓட்டைய உட்டுப்போட்டுக் கட்டுங்க. ஓடறவருங்களா? இல்லியா. சும்மா போட்டிருக்கீங்களா. அதனால என்ன, போட்டுட்டீங்கல்ல, ஒரு நாளைக்கு ஓடாமயா போயிருவீங்க.

நான் தாராபுரம் போறனுங்க. நீங்களும் தாராபுரந்தானா? நல்லதாப் போச்சு. சிங்காநல்லூர்ல ஏறி அத்தனை தூரம் வாய மூடிட்டு வர்றது நமக்குச் சிரமம். சென்னியப்பன்னு பேரு. காந்திபுரத்துல பம்ப்செட் சாமான் கடை வெச்சிருக்கேன். என்ற பொண்டாட்டி வசந்தாமணியக் கூட்டிட்டு வரப் போறேன். அவ அக்கா ஊடு தாராபுரத்துல. ஒரு மாசத்துக்கு மேல அங்கதான் இருக்கறா. இல்லீங்க, சண்டை கிண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. ஓய்வு. பெரிய ஓட்டத்துக்கு முன்னாடி ஓடறதக் கொறச்சுக் காலுக்கு ஓய்வு குடுக்கோணும். எங்க குரூப்புல எல்லாரும் அப்படித்தான் பண்ணுவாங்க. ரெண்டு வாரம், மிஞ்சிப் போனா மூணு வாரம். இவ கொஞ்சம் சேத்து எடுத்துட்டா. அடுத்த ஞாயித்துக்கிழமை கோயமுத்தூர்ல ஓட்டம், இருபத்தியோரு கிலோமீட்டர். ரெண்டு பேர் பேரையும் நான் குடுத்தாச்சு. இன்னைக்கு எப்படியாச்சும் கையோட கூட்டிட்டு வந்தரோணும்னு கெளம்பிட்டேன்.

இந்தப் பையில என்னங்கறீங்களா? அவ ஷூ. போற அவசரத்துல மறந்துட்டுப் போயிட்டா. வாசல்ல, வெளக்குமாத்துக்குப் பக்கத்துல, மண்ணெல்லாம் தட்டித் தொடச்சு, சாக்ஸைத் தொவச்சு மடிச்சு உள்ள வெச்சு, அப்படியே இருந்துது. மறதின்னா அப்படி ஒரு மறதி.

பேரீச்சம்பழம் எடுத்துக்கங்க. காதுல அந்த ஒயர சித்தே கழட்டிக்கங்க, பஸ் சத்தத்துல நான் கத்தோணும்.

மொதல்லருந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். எனக்கு சுகர் வந்துது. டாக்டர் நடக்கச் சொன்னார். ரேஸ்கோர்ஸ்ல நடந்துட்டு இருந்தவன், அங்க ஓடற ஒரு கூட்டத்தப் பாத்துச் சேந்துட்டேன். எல்லாம் நம்மளாட்ட ஆளுங்கதான். ஆடிட்டர் ஒருத்தர், பல் டாக்டர் ஒருத்தர், பேக்கரிக்காரர் ஒருத்தர், பேங்க்குல வேலை பாக்கற அம்மா ஒருத்தங்க, இன்னும் கொஞ்சம் பேரு. ஒருத்தரும் மெடல் வாங்கப் போறதில்ல. ஆனா அட்வைஸ் மட்டும் நாட்டுக்காக ஓடறவனுக்குச் சொல்ற மாதிரி சொல்லுவாங்க.

எங்க குரூப்புல ஒரு வழக்கம் இருக்குதுங்க. ஞாயித்துக்கிழமை ஓடி முடிச்சதும் கம்பங்கூழ் வண்டிகிட்ட வட்டமா நிப்போம். புதுசா ஒருத்தர் சேந்தா, பழைய ஆளுங்க ஒவ்வொருத்தரும் தனக்குக் கெடச்சதுலயே மறக்காத ஒரு அட்வைஸை அவருக்குச் சொல்லோணும். ஒண்ணே ஒண்ணுதான். பல் டாக்டர், கால் வெரல் நகத்த வெட்டிட்டு ஓடும்பார். பேக்கரிக்காரர், பனியன் ஒரசற எடத்துல வேஸலின் தடவு, இல்லீன்னா குளிக்கறப்பத் தெரியும்பார். பேங்க் அம்மா, மேட்டுல ஏர்றப்ப மேட்டப் பாக்காதீங்க, முன்னாடி போறவரு முதுகப் பாருங்கன்னாங்க. எல்லாம் நல்ல விசயந்தான். நான் ஒண்ணையும் குத்தம் சொல்ல மாட்டேன்.

எனக்கு வாச்சது ஆடிட்டர் சபாபதி சொன்னது. "சென்னியப்பன், வேகம் பாக்கறதுக்கு வாட்ச்செல்லாம் வேண்டாம். பேசிட்டே ஓடுங்க. பேச்சு தடங்கலில்லாம வந்தா அதான் உங்க வேகம். ரெண்டு வார்த்தைக்கு ஒருக்கா மூச்சு வாங்குச்சுன்னா வேகத்தக் கொறைங்க." அவ்வளவுதான். கேட்டவுடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இது எனக்குன்னே ஏற்பட்ட வெளையாட்டுன்னு.

நீங்க நம்ப மாட்டீங்க, என்கூட ஓடின ஒவ்வொருத்தரும் வேகமாயிட்டாங்க. மொத ரவுண்டு பக்கத்துலயே வருவாங்க. நான் ஜெட் பம்ப்புக்கும் சப்மெர்சிபிளுக்கும் என்ன வித்தியாசம்னு சொல்லிட்டு வருவேன். ரெண்டாவது ரவுண்டுல பாத்தா ஆளு அம்பதடி முன்னாடி. மூணாவது ரவுண்டுல கண்ணுக்கே தட்டுப்பட மாட்டாங்க. பேக்கரிக்காரருக்கு வருசக்கணக்கா டைமிங் மாறவே இல்ல. என்கூட ரெண்டு வாரம் ஓடினார், மாறிருச்சு. சபாபதியே வட்டத்துல வெச்சுச் சொன்னார், வேகமாகோணும்னா சென்னியப்பன் பக்கத்துல ஓடுங்கன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. பொறாமைலயும் ஒரு சிரிப்பு இருக்குதுங்க. அப்பறம் சபாபதி எங்களுக்கு முன்னாடியே வந்து ஓடிட்டுப் போயிர ஆரம்பிச்சுட்டார். ஆடிட்டருக்கு மார்ச் மாசம் வேலை ஜாஸ்தி. ஏப்ரல், மே எல்லாங்கூட இருக்கும் போல.

இப்படி எல்லாரும் முன்னேறிப் போயிட்டதுல எனக்குத்தான் கஷ்டம். கூட ஓட ஆளில்ல. பேச ஆளில்லாம வேகத்த எப்படிக் கண்டுபுடிக்கறது? அப்பத்தான் வசந்தாமணிய இழுத்துட்டுப் போனேன்.

என்னங்க எந்திரிக்கறீங்க? பின்னாடி சீட்டு காலியா இருக்குதா? அங்க தூக்கித் தூக்கிப் போடும், இடுப்புக்கு ஆகாது. இங்கயே உக்காருங்க.

மொத நாள் சேலையோட வந்தா. காலுக்கு எங்கியோ கெடந்த கான்வாஸ் ஷூ. முந்தானைய இடுப்புல சொருகிட்டு ஓடினா பாருங்க, நான் நின்னுட்டேன். கல்யாணமாகி இத்தனை வருசத்துல அவ ஓடி நான் பாத்ததே இல்ல. பள்ளிக்கூடத்துல ஓடுவேன், ஜில்லா வரைக்கும் போயிருக்கேன்னா. சொன்னதே இல்லியேன்னேன். நீங்க கேட்டதே இல்லீங்களேன்னா. அதுவும் நெசந்தான். நான் எதுக்குக் கேக்கப் போறேன்.

அப்பறம் சுடிதார் வாங்கிக் குடுத்தேன், நல்ல ஷூ வாங்கிக் குடுத்தேன். இந்த ஷூதான். கொறை ஒண்ணே ஒண்ணு. அவ பேச மாட்டா. எங்கூட்டுல பேச்சு என்ற டிபார்ட்மென்ட். அவளுக்கு 'ம்'தான். மூணு ரவுண்டு ஓடினாலும் 'ம்'.

"பேசு அம்மிணி, பேசினாத்தான் உன்ற வேகம் எனக்குத் தெரியும்"னேன்.

"ம்."

"ம் எல்லாங் கணக்குல வராது."

"என்ன பேசறதுங்க?"

"எதையாச்சும் பேசு. மனசுல என்ன இருக்குதோ அதப் பேசு."

நெசமாலுங்களான்னு ஒரு பார்வை பாத்தா. புதுசா ஓடறவங்களுக்கு எதுலயும் ஒரு சந்தேகம் இருக்கும்.

சபாபதி சொன்னதுல ஒரு ஓட்டை இருந்துது. தடங்கலில்லாம வரோணும்னா எத்தனை வரோணும்? அளவு வேணுமல்ல. பம்ப் விக்கறவன் நான், நிமிசத்துக்கு எத்தனை லிட்டர்னு சொல்லாம ஒருத்தன்கிட்ட மோட்டார விக்க முடியுங்களா? அதனால நானே ஒரு முறை கண்டுபுடிச்சேன். ஒரே மூச்சுல எத்தனை வார்த்தை வருதுன்னு எண்ணறது. அவ பேசப் பேச நான் வெரல மடக்கிட்டே வருவேன். அவ என்ன சொல்றாங்கறதுல மனச உட்டம்னா எண்ணிக்கை தப்பிரும். அதுல நான் நெம்பக் கண்டிசன்.

மொத வாரம் "பால் பொங்கிருச்சு", "கரண்ட்டு போயிருச்சு". ரெண்டு ரெண்டு வார்த்தை. கொஞ்ச நாள்ல மூணு, நாலு. ஒரு நாள் திடீர்னு, "உங்க தங்கச்சி என்னை ஒருநாளும் அண்ணின்னு கூப்பிட்டதில்லை." ஆறு. சபாஷ்னேன். அவ திரும்பி என்னப் பாத்தா. அடுத்த ரவுண்டுல, "நான் சொல்றது உங்க காதுல விழுகுதுங்களா?" விழுகுது, அஞ்சுன்னேன். அதுக்கப்பறம் அவளுக்குக் கூச்சம் போயிருச்சுங்க. தெனமும் பேசினா. அவ பேசப் பேச நுரையீரல் விரியறது எனக்குத் தெரிஞ்சுது.

ஒரு சனிக்கிழமை பேரூர் வரைக்கும் போயித் திரும்பலாம்னு கூட்டிட்டுப் போனேன். அத்தனை தூரம் அவ அதுக்கு முன்னாடி ஓடினதில்ல. உக்கடம் தாண்டினதும் ஆரம்பிச்சா. "பொண்ணு பாக்க வந்தன்னைக்கு என்ன படிச்சிருக்கேன்னு கேட்டீங்க, பதில் சொல்றதுக்குள்ள பம்ப்பப் பத்திப் பேச ஆரம்பிச்சீங்க, இன்னும் முடிக்கலை." பதினாலு வார்த்தைங்க. நடுவுல மூச்சே உடல. எனக்குப் புல்லரிச்சுப்போச்சு.

அப்பறம் ஒரு மேடு. அந்த மேட்டுல எனக்கே வாய் தொறக்க முடியல. அவ சொல்றா, "எங்கம்மா செத்தப்ப நீங்க பம்ப் கண்காட்சில இருந்தீங்க, மூணாம் நாள் வந்து அங்க எத்தனை ஆர்டர் கெடச்சுதுன்னு சொன்னீங்க, நான் காப்பி போட்டுக் குடுத்தேன்." பதினெட்டு. மேட்டுல. வெரல் பத்தாம மறுபடி மொத வெரல்லருந்து மடக்கினேன். தையல் டீச்சர் வேலைக்கு ஆர்டர் வந்ததயும் நான் வேண்டாம்னு சொன்னதயும் சொன்னா. டாக்டர்கிட்டப் போனா அவளுக்கு எங்க வலிக்குதுன்னு நாந்தான் சொல்றேன்னு சொன்னா. அவளுக்கு எது புடிக்கும்னு ஊட்டுக்கு வர்ற ஒறம்பரைங்க கேட்டாக்கூட நாந்தான் சொல்றனாம். சொல்றேந்தான். அவ 'ம்'னு இருந்தா வேற யாரு சொல்றது?

எப்படி இத்தனையும் அட்சரம் பெசகாமச் சொல்றேன்னு பாக்கறீங்களா? எண்ணினது மறக்குங்களா தம்பி.

பேரூர்ல ஆத்துப் படித்துறைகிட்ட நின்னோம். எனக்கு மூச்சு வாங்குது, முட்டியப் புடிச்சுட்டுக் குனிஞ்சு நிக்கறேன். அவ நேரா நின்னுட்டுச் சொன்னா, "நான் அக்காகூடக் கொஞ்ச நாள் இருக்கப் போறேங்க. எத்தனை நாள்னு கேக்காதீங்க, எனக்கே தெரியாது. உங்க பேச்சையே கேட்டுட்டு இருந்தா என்ற குரலு எப்படி இருக்கும்னு எனக்கே மறந்துபோயிரும் போல இருக்குது." நான் நிமிந்து, "சூப்பர் அம்மிணி, உனக்கு மூச்சே வாங்கல"ன்னேன். என்னயே பாத்தா. அப்பறம் சிரிச்சா. நல்லா, பல்லு தெரியச் சிரிச்சா. சிரிச்சுட்டே இருந்தவ அப்படியே அழுக ஆரம்பிச்சுட்டா. நெடுந்தூரம் ஓடினா சில பேருக்கு அப்படி வருங்க, ஒடம்புல உப்புக் கொறையறது. ஓடிப்போயி எலுமிச்சம்பழத் தண்ணில உப்புப் போட்டு வாங்கிட்டு வந்து குடுத்தேன். குடிச்சா. குடிச்சதும் அழுகை நின்னுபோச்சு. நான் சொன்னது சரிதானுங்களே.

அவளுக்கு நான் என்ன பதில் சொன்னேன்னா? நீங்களும் ஆடிட்டர் மாதிரியே கேக்கறீங்க. அதத்தான் சொல்ல வந்தேன்.

மறுநாள் ஞாயிறு. கால் வலிக்குதுன்னு அவ வரல. அன்னைக்குப் பாத்துக் குரூப்புல புதுசா ஒரு புள்ள சேந்திருந்துது, கம்ப்யூட்டர் கம்பெனில வேலையாம். கூழ் வண்டிகிட்ட வட்டமா நின்னோம். என்ற முறை வந்துது. நான் இந்த வார்த்தைய எண்ணற முறையச் சொன்னேன். சும்மா சொன்னாப் புரியாதுன்னு உதாரணத்தோட சொன்னேன். பதினாலு வார்த்தையச் சொன்னேன். மேட்டுல வந்த பதினெட்டையும் சொன்னேன். படித்துறைல சொன்னதயும் சொன்னேன். பேங்க் அம்மா கூழ் டம்ளரக் கீழ வெச்சுட்டாங்க. அந்தப் புதுப் புள்ள கீழ குனிஞ்சு ஷூ கயித்தக் கட்டுது, கட்டுது, கட்டி முடிக்கவே இல்ல.

சபாபதி என்னத் தனியாக் கூட்டிட்டுப் போனார். "அவங்க சொன்னதுக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்க?"ன்னார்.

"எனக்குத்தான் மூச்சு வாங்கிட்டு இருந்துதே"ன்னேன்.

"சென்னியப்பன், நேரா ஊட்டுக்குப் போங்க. போயி, இன்னைக்கு ஒரு நாள் பேசாம அவங்க பக்கத்துல உக்காருங்க."

ஆடிட்டருக்குத் தன்ற அட்வைஸை நான் மெருகேத்திட்டேன்னு உள்ளுக்குள்ள ஒரு இது. என்ன இருந்தாலும் அவரு சொன்னது பழசாயிருச்சல்ல. இருந்தாலும் மரியாதைக்குச் சரின்னுட்டு ஊட்டுக்குப் போனேன். அவ சேலை கட்டி, பை எடுத்து வெச்சுட்டுக் கெளம்பி நிக்கறா. சாப்பாடு மேசை மேல இருக்குது, சுகர் மாத்திரை டப்பாவுல போட்டு வெச்சிருக்குது, தண்ணி மோட்டார் சுவிச்சு மட்டும் மறக்காம நிறுத்துங்கன்னா. நான் ஓய்வுன்னா என்ன, எத்தனை நாள் எடுக்கோணும், என்னென்ன சாப்பிடோணும்னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லிட்டே போனேன். 'ம்'னு கேட்டுட்டு வந்தா. பஸ் ஏறி உக்காந்தவ சன்னல் வழியா, "நீங்க நல்லா இருங்க"ன்னா. இந்த ஓட்டம் ஆரம்பிச்சதுலருந்து அவளுக்கு என் மேல ஒரு தனிப் பிரியம் வந்துருச்சுங்க.

அந்த ஒரு மாசம் இருக்குதே. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, எனக்கு முடியலீங்க தம்பி. ஊட்டுக்குள்ள போனா நான் பேசறது எனக்கே திரும்பக் கேக்குது. முன்னாடி அப்படிக் கேட்டதில்ல. ரேஸ்கோர்ஸ்ல தனியா ஓடறேன். வேகமாப் போறனா மெதுவாப் போறனான்னு தெரியல. ஒரு நாள் நாய்கிட்டப் பேசிட்டே ஓடினேன், அதுவும் பெண்கள் கல்லூரி ரோட்டுப் பக்கம் திரும்பிருச்சு. அவ இல்லாம எனக்குச் சோறு எறங்கல. அவ வரோணும். ஓட்டத்துக்காக மட்டுமில்லீங்க. வந்து பக்கத்துல இருந்தாப் போதும்.

தெனம் போன் பண்ணுவேன். பாதி நாள் அவ அக்காதான் எடுப்பாங்க. இங்க நாலஞ்சு பொம்பளைங்களோட காலைல பள்ளிக்கூட மைதானத்துல ஓடறா, மாப்பிள்ளைன்னாங்க. எனக்குத் திக்குனு ஆயிருச்சு. ஓய்வுல இருக்கறப்ப ஓடலாமா? ஷூ இல்லாம எப்படி ஓடறான்னு கேட்டேன். புதுசு வாங்கிட்டாளாம். பேசிட்டே ஓடறாங்களான்னு கேட்டேன். பேசறதென்ன, தெருமொன வரைக்கும் இவ சிரிப்புச் சத்தம் கேக்குதுன்னாங்க. பாருங்க, சிரிச்சுட்டு ஓடினா மூச்சு கலைஞ்சுபோயிரும். அங்க எண்ணறதுக்கு ஆளில்ல. அதான் நானே நேர்ல போயிரலாம்னு கெளம்பினது.

குண்டடம் தாண்டியாச்சுங்களா? இன்னும் சித்தே தூரந்தான். போன உடனே கையோட கூட்டிட்டு, அடுத்த பஸ்ல...

இருங்க, அவதான் கூப்பிடறா. நல்ல நேரத்துக்குக் கூப்பிடறா பாருங்க.

ஆ, சொல்லம்மிணி. இல்ல, குண்டடம் தாண்டிட்டேன். உன்ற ஷூ எடுத்துட்டு... ஓ. சரி. இல்ல, நான் என்ன சொல்றேன்னா... சரி, நீ சொல்லு.

ம்.

ம்.

அப்படியா. ம்.

சரி. வெச்சர்றேன்.

ஒண்ணுமில்லீங்க. வாங்கன்னா. சோறாக்கி வெச்சிருக்கறாளாம், சுரைக்காய்க் கொழம்பு. சாப்பிட்டுப்போட்டு மூணு மணி பஸ்ஸப் புடிச்சீங்கன்னா இருட்டறதுக்குள்ள கோயமுத்தூர் போயிரலாம்னா. நீங்க போயிரலாம்னா. ஒறம்பரைக்குச் சொல்ற மாதிரி, நெம்ப மரியாதையாச் சொன்னா. அடுத்த ஞாயிறு ஓட்டத்துக்கு வர்றாளாம். தாராபுரத்துப் பொம்பளைங்களோட வேன்ல வந்து, அவங்களோட ஓடி, அவங்களோடயே திரும்பிர்றாளாம். வழியில என்னப் பாத்தாக் கையாட்டறேன்னா. நான் வரலீங்க, இங்க எனக்கு நல்லா இருக்குதுன்னா.

கோவமாவா? இல்லீங்களே. கோவமாச் சொல்லியிருந்தா நானும் ஏதாச்சும் சொல்லியிருப்பேன். எனக்குப் பதில் சொல்லத் தெரியாதா என்ன. சாதாரணமாச் சொன்னா, மழை வருமாட்ட இருக்குதுன்னு சொல்றமில்ல, அப்படி. நான் பாட்டுக்குக் கேட்டுட்டே இருந்துட்டேன்.

எத்தனை வார்த்தைன்னு தெரியலீங்க. எண்ணல.

தாராபுரம் வந்துருச்சுங்களா. நீங்க எறங்குங்க, உங்களுக்கு வேலை இருக்கும். நான் சித்தே இருந்துட்டு எறங்கறேன். சிங்காநல்லூர்லருந்து உக்காந்துட்டேதான் வர்றேன், ஏன் இப்படி மூச்சு வாங்குதுன்னு தெரியல.